குள்ளம், ஒல்லி, குண்டு: ஹேண்ட்பால் ஆட எந்த உடம்பு வேண்டும்? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் எங்கள் மாலை ஹேண்ட்பால் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் கேட்பதில் பாதிக்கு மேல் ஆட்டத்தைப் பற்றியது இல்லை, உடம்பைப் பற்றியது. "பையன் வளரவே மாட்டேங்கிறான் சார்", "பொண்ணு வெயிட் போட்டுட்டா, சேர்த்துக்குவீங்களா?" இப்படித்தான். பள்ளியில் போலா பாலிங் என்று சொல்கிறார்களே, அதே ஹேண்ட்பால்தான். வாட்சாப்பில் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டோம்.

எங்களுக்கு ஆட்டமே தெரியாது. இதில் உடம்பு அளவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

தளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதைச் சுற்றி 6 மீட்டரில் ஒரு வளைகோடு. அதற்குள்ளே கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து தாவி, கால் தரையில் படுவதற்குள் பந்தை எறிந்துவிடலாம். அதனால்தான் இவ்வளவு தாவல்.

பந்தோடு மூன்று காலடிக்கு மேல் நடக்க முடியாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. எதிராளி முன்னால் நின்று நெஞ்சாலும் மடக்கிய கையாலும் மறிக்கலாம், அது தப்பில்லை. பின்னாலிருந்து தள்ளுவது, காற்றில் இருப்பவரை இடிப்பது போன்றவற்றுக்கு 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு ஓர் ஆட்டம் 30 நிமிடப் பாதிகள் இரண்டு.

ஓட வேண்டும், தாவ வேண்டும், மோத வேண்டும், எறியவும் வேண்டும். இந்த நான்குக்கும் தோதான உடம்பு ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். அதனால்தான் பேச்சு.

உலகத் தரத்தில் ஆடுகிறவர்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு எடை?

பெரிய போட்டிகளில் ஆண்களின் சராசரி உயரம் 190 செ.மீ. அளவில் இருக்கிறது, எடை 90 கிலோவைத் தாண்டுகிறது. பெண்களுக்கு ஏறக்குறைய 175 செ.மீ., 70 கிலோ. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரான்சின் நிக்கோலா கராபடிச் 196 செ.மீ., 100 கிலோவுக்கு மேல். டென்மார்க் கோல்கீப்பர் நிக்லாஸ் லாண்டின் 201 செ.மீ. லாட்வியாவின் டைனிஸ் கிரிஸ்டோபான்ஸ் 210 செ.மீ.யையும் தாண்டியவர்.

இதைப் படித்ததும் மனசு விட்டுப் போகும், எனக்குத் தெரியும். அதே சமயம், உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்கிற பயிற்சியாளர்களை எனக்குப் பிடிக்காது. அது பொய். உச்சிக்குப் போகப் போக அளவு கணக்கில் வரத்தான் செய்கிறது. ஆனால் சராசரி என்பது எல்லா இடத்துக்காரர்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எந்த இடத்தில் ஆட எப்படிப்பட்ட உடம்பு வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

முதலில் பேக் எனப்படும் இடது, வலது பின்னாட்டக்காரர்கள். கோலிலிருந்து 9 மீட்டர் தள்ளியுள்ள கோட்டருகிலிருந்து, தடுப்பவர்கள் தூக்கிய கைகளுக்கு மேலாக எறிய வேண்டியவர்கள். இவர்களுக்கு உயரம் நேரடியான லாபம். கை நீளமாக இருந்தால் பந்து விடுபடுவதற்கு முன் வேகம் எடுக்கக் கூடுதல் தூரமும் கிடைக்கிறது. ஆண்களின் உயர்மட்ட ஆட்டத்தில் எறியும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதைத் தோள் மட்டும் செய்வதில்லை. ஊன்றிய கால், இடுப்பு, முதுகு, தோள், மணிக்கட்டு என்று வரிசையாக வேகம் ஏறி வருகிறது. ஒல்லியான நெட்டைப் பையன் பலமாக எறிவான் என்று நம்பிக் கூட்டி வருவார்கள். இடுப்பிலும் காலிலும் சதை இல்லாவிட்டால் பந்து கோலுக்குப் போய்ச் சேருமே தவிர, கீப்பரைத் தொந்தரவு செய்யாது.

பிவோட் வேறு ரகம். 6 மீட்டர் கோட்டில், தடுப்பாட்டக்காரர்கள் நடுவே, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடி வாங்கிக்கொண்டே பந்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும். ஐரோப்பாவில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிவோட்டுகள் சர்வ சாதாரணம். அகன்ற இடுப்பு, கனத்த தொடை, பலமான பிடி, இவைதான் இங்கே சொத்து. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கு இந்த இடத்தில் மரியாதை கிடைக்கும்.

விங் என்பது ஓரம். கோணம் குறுகல், இடம் குறைவு. பந்து கைமாறியதும் முதலில் ஓடுகிறவரும் இவர்தான். வேகம், தாவல், காற்றில் உடம்பைத் திருப்பும் திறமை. மற்ற இடத்துக்காரர்களைவிட இவர்கள் உயரத்திலும் எடையிலும் குறைவாகத்தான் இருப்பார்கள். பிரான்சின் லூக் அபாலோ 182 செ.மீ.தான். ஒலிம்பிக் தங்கம் அவருக்கும் மூன்று.

சென்டர் பேக் என்பவர் ஆட்டத்தை நடத்துகிறவர். இங்கே கண்ணும் மூளையும் முதலில், உயரம் அப்புறம். ஸ்வீடனின் யுபோமிர் வ்ரான்யஸ் 166 செ.மீ. ஆமாம், 166. நம் ஊர்ப் பாசார் மாலாமில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர் அவர். மற்றவர்கள் தலைக்கு மேலே எறிந்தார்கள், இவர் இடுக்கில் நுழைந்தார்.

கோல்கீப்பருக்குக் கை கால் நீளமாக இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் காலை அகட்டி உயர்த்தும் வளைவுத்தன்மை. பந்து முகத்துக்கு வரும்போது கண்ணை மூடாத நெஞ்சுரமும் வேண்டும். அதை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.

பையன் படிவம் 1. 148 செ.மீ.தான். எதிர் அணிப் பையன்களுக்கு மீசையே வந்துவிட்டது. விட்டுவிடலாமா?

வேண்டாம். பையன்கள் வேகமாக உயர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். பெண் பிள்ளைகளுக்கு 11, 12. இது சராசரிதான். ஒருவனுக்கு 12-இல் தொடங்கும், இன்னொருவனுக்கு 15-இல். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களின் உடம்பு வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது சகஜம்.

போதாக்குறைக்கு நம் பள்ளிப் போட்டிகளில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிவு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒன்றாக நிற்பார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ச்சி ஒருவனுக்கு இலவசம். மாவட்ட அணியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பையன்களை எடுக்கிறார்கள், அவர்களுக்கே நல்ல பயிற்சியும் ஆட்ட நேரமும் கிடைக்கிறது. பின்னால் மற்றவன் வளர்ந்து சமமாகும்போது அவன் எப்போதோ ஆட்டத்தை விட்டுப் போயிருப்பான். பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்ட விஷயம் இது. நம் பேராக்கும் இதற்கு விலக்கு என்று நான் நினைக்கவில்லை.

148 செ.மீ. பையனுக்கு இந்த இரண்டு ஆண்டுகள் வீண் இல்லை. தலைக்கு மேலே எறிய முடியாததால் ஏமாற்றி நுழைவது, இடுப்புக்குக் கீழிருந்து எறிவது, எதிராளியின் காலைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாவற்றையும் கட்டாயமாகக் கற்றுக்கொள்வான். அவசரப்பட்டு வளர்ந்தவன் இவற்றைக் கற்பதில்லை. எல்லாரும் உயரமான பிறகு திண்டாடுகிறவன் அவன்தான்.

உயரம் கூட மருந்து, பவுடர், கம்பியில் தொங்குவது ஏதாவது பலன் தருமா?

தராது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எதுவும் உயர்த்தாது. மூடுவதற்கு முன்னால் சோறு, தூக்கம், நோய் இல்லாத உடம்பு, இவைதான். இணையத்தில் 200 வெள்ளிக்கு விற்கும் உயர மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டை வாங்குங்கள்.

ஒன்று மட்டும். பிள்ளை ஒரு வருஷமாக உயரவே இல்லை, அல்லது சக பிள்ளைகளைவிட ரொம்பப் பின்தங்கியிருக்கிறான் என்றால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். அது எங்கள் வேலை இல்லை, டாக்டர் வேலை.

பள்ளி செகாக் உடல்திறன் சோதனையில் பிள்ளைக்கு "எடை அதிகம்" என்று வந்திருக்கிறது. ஆடலாமா?

ஆடலாம், ஆட வேண்டும். செகாக்கில் பெஞ்சில் ஏறி இறங்குவது, தண்டால், உட்கார்ந்து கையை நீட்டுவது எல்லாம் இருந்தாலும் வீட்டுக்கு வரும்போது எல்லார் கண்ணும் பி.எம்.ஐ. எண்ணில்தான் நிற்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். சதை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கராபடிச்சுக்குக் கணக்குப் போட்டால் 26-க்கு மேல் வரும். நம் நாட்டில் பெரியவர்களுக்கு 23-லிருந்தே எடை அதிகம் என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் அவரும் எடை அதிகமானவர்தான்.

இதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆசியர்களுக்கு எல்லையை 23-க்கு இறக்கியதற்குக் காரணம் உண்டு. அதே பி.எம்.ஐ.யில் நம் தெற்காசிய உடம்பில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றில். சர்க்கரை நோய் நமக்குச் சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். "அவன் பிவோட், கனமாத்தான் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு தினமும் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுப்பது பயிற்சி ஆகாது. தராசைவிட இடுப்பளவையும், 20 மீட்டர் ஓட்டத்தின் நேரத்தையும், தாவும் உயரத்தையும் பாருங்கள். எடை கூடி, தாவலும் கூடினால் அது நல்ல எடை. எடை கூடித் தாவல் குறைந்தால் யோசிக்க வேண்டும். பிள்ளைகளின் பி.எம்.ஐ.யை வயது, பால் வாரியான அட்டவணையில் பார்க்க வேண்டும், பெரியவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

குண்டாக இருக்கும் பிள்ளையை மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்களே?

எங்கள் திடலில் கிண்டல் செய்தவன் அன்றைக்கு ஆடுவதில்லை, வெளியே உட்கார்ந்து பார்ப்பான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

2021-இல் எகிப்தில் நடந்த உலகக் கோப்பையில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் பிவோட் கோத்தியே ம்வும்பியின் படம் உலகமெல்லாம் சுற்றியது. பருத்த உடம்பு. சிரித்தவர்கள் நிறைய. ஆனால் அவர் கோல் போட்ட வீடியோவும் கூடவே சுற்றியது. கடைசியில் கூடைப்பந்து ஜாம்பவான் ஷாக்கில் ஓ'நீலே அவருக்கு வாழ்த்து அனுப்பினார். பிள்ளைகளிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

கனத்த பிள்ளைகளுக்கு வெயில்தான் உண்மையான சிரமம். எடைக்கு ஏற்ற அளவு தோல் பரப்பு இல்லாததால் சூடு சீக்கிரம் ஏறும், மெதுவாக இறங்கும். அதனால் அவர்களுக்கு அடிக்கடி தண்ணீர், அடிக்கடி மாற்று. ஹேண்ட்பாலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம்.

எங்கள் பையன் ரொம்ப ஒல்லி. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

முதலில் தட்டைப் பாருங்கள். தீவிரமாக ஆடும் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.5 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். 50 கிலோ என்றால் நாளைக்கு 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த கோழி 100 கிராமில் 25-க்கு மேல். தெம்பே 100 கிராமில் 19 வாக்கில். நெத்திலி, பருப்பு, கடலை, தயிர் எல்லாம் இருக்கிறது. காலையில் வெறும் நாசி லெமாக், மதியம் சோறும் ரசமும், மாலையில் மீ கோரேங் என்று போகும் வீட்டில்தான் பவுடர் கேட்கிறார்கள். நாசி லெமாக்கில் இரண்டு முட்டை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தைப்பூச விரத காலத்தில் தெம்பேயும் தவுவும் போதும். விரதம் என்று பயிற்சிக்கு லீவு கேட்க வேண்டாம்.

ஒல்லியானவர்களுக்கு இன்னொரு சிக்கல், சாப்பிடும் நேரம். பயிற்சி முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து வீட்டுப்பாடம், சாப்பாடு இரவு 10 மணிக்கு. பயிற்சிக்கு வரும்போதே வாழைப்பழமும் அவித்த முட்டையும் கொடுத்து அனுப்புங்கள். டப்பாவில் வரும், எடை கூட்டும் என்று விற்கும் பொருள்களில் என்ன கலந்திருக்கிறது என்பது உறுதியில்லை. மாநில அளவுக்குப் போகும் பிள்ளை ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட வேண்டிவரலாம். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே எடுபடாது.

பெண் பிள்ளைக்குத் தோள் அகன்று ஆம்பிளை மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. ஆண்களுக்கு அப்படிச் சதை ஏறக் காரணமான ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு. பலம் கூடும், நிமிர்ந்து நடப்பாள். இந்தக் கேள்வியை அம்மாக்களைவிட அத்தைகளும் பாட்டிகளும்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களையும் ஒரு நாள் திடலுக்குக் கூட்டி வாருங்கள்.

நார்வேயின் நோரா மோர்க் 170 செ.மீ.க்கும் குறைவு, இடது கைக்காரர். வலது பேக்கில் நின்று தன்னைவிட உயரமானவர்களைத் திணறடித்தவர். தென் கொரியப் பெண்கள் 1988-லும் 1992-லும் ஒலிம்பிக் தங்கமே வென்றார்கள். ஐரோப்பியர்களைவிடச் சிறிய உடம்பு, ஆனால் வேகமான கை, ஓயாத ஓட்டம். ஆசியாவில் ஹேண்ட்பால் ஆட நினைக்கிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் அவர்கள் ஆட்டம்.

உடை பற்றியும் கேட்கிறார்கள். முழங்கால் வரை காற்சட்டை, உள்ளே நீளமான டைட்ஸ், எதுவும் சரி. 2021-இல் கடற்கரை ஹேண்ட்பாலில் பிகினிக்குப் பதில் காற்சட்டை போட்டதற்காக நார்வே பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். உலகமே கண்டித்தது, அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். உட்தளத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் பயிற்சி கூடிய பின் மாதக்கணக்கில் நின்றால், பிள்ளை செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். எலும்புக்கும் கேடு. வெட்கப்படாமல் எங்கள் பெண் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

முழங்கால் போய்விடும் என்கிறார்களே?

பயம் நியாயமானது. தாவி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் நடுத் தசைநார் அறுவது இந்த ஆட்டத்தின் பெரிய காயம். பெண்களுக்கு ஆபத்து கூடுதல். ஆனால் தடுக்கலாம். நார்வேயில் 15 முதல் 17 வயது வரையுள்ள 1,800-க்கும் மேற்பட்ட ஹேண்ட்பால் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. சரியாக இறங்குவது, சமநிலை, தொடைப் பலம் இவற்றைச் சேர்த்த வார்ம்-அப் செய்தவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதனால்தான் முதல் 20 நிமிடம் பந்தைத் தொட விடுவதில்லை. தாமதமாக வந்தால் வார்ம்-அப் முடிக்காமல் ஆட்டத்தில் சேர முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வேறு விஷயம். வளர்ச்சியோடு வருவது, பெரும்பாலும் தானே அடங்கும். தாவலைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடுமா?

நிற்காது. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும், எடை மெதுவாக ஏற வேண்டும். 13 வயதுக்குத் தண்டால், உட்கார்ந்து எழுதல், மருந்துப் பந்து எனப்படும் கனமான பந்தை எறிதல் போதும்.

பந்து கையில் நிற்கவே மாட்டேங்கிறது. கை சின்னதா?

பந்து பெரிசாக இருக்கலாம். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குச் சுற்றளவு 58–60 செ.மீ. உள்ள 3-ஆம் எண் பந்து. 12–16 வயதுப் பையன்களுக்கும் 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 54–56 செ.மீ. உள்ள 2-ஆம் எண். அதற்கும் சிறியவர்களுக்கு 50–52 செ.மீ. உள்ள 1-ஆம் எண். ஸ்டோரில் இருக்கும் ஒரே பந்தை எல்லாருக்கும் கொடுக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் தோளை வளைத்து, தப்பாக எறியப் பழகுகிறார்கள். கை விரிவு பெரிதாக இருப்பது லாபம்தான், மறுக்கவில்லை. விரல் பலத்தைப் பயிற்சியால் கூட்டலாம். ஈரத் துணியைப் பிழிவதே நல்ல பயிற்சி, வீட்டு வேலையும் ஆகும்.

பிள்ளை இடது கைக்காரன்.

உடனே கூட்டி வாருங்கள். வலது விங், வலது பேக் இரண்டுக்கும் இடது கைக்குக் கோணம் அகலமாகக் கிடைக்கும். எங்கள் கண்ணில் 10 செ.மீ. உயரத்தைவிட இடது கை பெரிசு. டென்மார்க்கின் மத்தியாஸ் கிட்ஸலும் இடது கைக்காரர், வலது பேக்குக்கு ஒல்லியான உடம்பு, இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். சாப்பாட்டுக்கு வலது கையைப் பழக்கியிருக்கலாம், பரவாயில்லை. எறிகிற கையை மாற்றாதீர்கள்.

போட்டிக்கு முன் எடை குறைக்க வேண்டுமா?

வேண்டாம். கபடியில்தான் எடை வரம்பு. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

அந்தக் காலத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு தானாக வந்தது. இப்போது மட்டும் ஏன் பயிற்சி?

வந்தது உண்மை, எல்லாருக்கும் வரவில்லை. பால்மரக் காட்டில் நடந்ததும் வாளி தூக்கியதும் கால் பலத்தைக் கொடுத்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அரை வயிறுதான். உயரம் பரம்பரை என்று நினைக்கிறோம். முதல் சில ஆண்டுச் சாப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில்கூட ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இன்றைக்குத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் பிள்ளைகளும் செம்பனைக் குலை தூக்குவதில்லை, கைப்பேசிதான் தூக்குகிறார்கள். அதனால் பயிற்சி.

பிள்ளைகளை எப்போது அளக்கிறீர்கள்? அளவைக் குழுவில் போடுவீர்களா?

ஆண்டுக்கு இரண்டு தடவை. உயரம், உட்கார்ந்த உயரம், கை விரிவு, எடை, நின்ற இடத்திலிருந்து தாவல். பெண் பிள்ளைகளைப் பெண் பயிற்சியாளர்தான் அளப்பார். எண்கள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும், குழுவில் போட மாட்டோம். தேர்வுக்கு அதை வைப்பதும் இல்லை. யார் வேகமாக வளரும் கட்டத்தில் இருக்கிறார், யாருக்குத் தாவலைக் குறைக்க வேண்டும் என்று பார்க்கத்தான். அளக்கும் நாளில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். காலுறையில் ஓட்டை இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டோம், வெறுங்காலோடும் வரலாம்.